அளவு ரவிக்கை

மண்ணூர்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் மூன்றாவது வீட்டு அக்காவைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். இடது தோளைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நடப்பார். இடுப்பில் குடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தோள் மட்டும் இறங்காது. பிறவியிலேயே அப்படி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவன் படைத்த உடம்பைப் பற்றி நாம் என்ன கேட்பது என்று கேட்காமலே இருந்துவிட்டேன்.

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை செய்தார்கள். அவர் உலையில் நிற்பார், அக்கா அச்சுக்கு மணல் சலிப்பார். அதற்கு முன் திருநின்றவூர் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பண்ணை வேலை. நான் கல்யாணமாகி அந்த வரிசைக்கு வந்தபோது அவர்கள் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நானும் புதுசு, அவரும் புதுசு. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என்னைப் பாப்பா என்பார்.

தெரியாததை ஒளிக்கத் தெரியாது அவருக்கு. எனக்கெல்லாம் அது நன்றாகத் தெரியும். தோசை பிய்ந்துபோனால் அதை அடியில் போட்டு மேலே நல்லதாக நாலு அடுக்கிவிடுவேன். அக்கா முதன்முதலாக இட்லி ஊற்றிய அன்று அது கல்லாக வந்தது. அதை ஒரு தட்டில் வைத்து, வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“தின்னு பாத்து சொல்லுங்க, இன்னா தப்புன்னு.”

என் வீட்டுக்காரர் லேத் ஓட்டுபவர். ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, “இத்த எங்க கம்பெனிக்கு எடுத்துகினு போனா பேரிங்குக்கு ஆவும்க்கா,” என்றார்.

“போட்டு ஓட்டு நைனா. எத்தினி நாளு தாங்குச்சின்னு வந்து சொல்லு.”

அடுத்த தடவை ஊற வைக்கும் கணக்கை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருந்தார்கள். நாலையும் செய்து பார்த்தார். ஆடி பிறப்பதற்குள் எங்கள் வரிசையிலேயே பூப்போல இட்லி அவர் வீட்டில்தான்.

அந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்குத் தையல் மெஷின் வந்தது. ஊருக்குத் திரும்பிப் போகிற ஒருவரிடமிருந்து என் வீட்டுக்காரர் வாங்கி வந்த கை மெஷின். சக்கரத்தில் கைப்பிடி இருக்கும், ஒரு கையால் சுற்றிக்கொண்டு மறு கையால் துணியை நகர்த்த வேண்டும். நான் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் பூவும் வைத்தேன். ஆனால் நூல் கோக்கத் தெரியாது.

ஒரு நாள் அக்கா வாசலில் நின்று பார்த்தார்.

“இன்னா பாப்பா, இது சாமிக்கு மட்டுந்தான் தெக்குமா?”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“எனக்கும் தெரியாது. வா, ரெண்டு பேரும் ஒக்காந்து பாக்கலாம்.”

அப்படித்தான் ஆரம்பித்தோம். பட்டறை விட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு வந்துவிடுவார். எந்த ஓட்டையில் நூலை விட்டால் எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கண்டுபிடிக்கவே பல நாள் ஆயிற்று. பழைய வேட்டியைக் கிழித்து நேர்கோடு போட்டுப் பழகினோம். நான் தைத்த கோடு கூவம் ஆறு மாதிரி போயிற்று. அக்கா தைத்தது எங்கே போவது என்று தெரியாமல் திரும்பி வந்தது. தலையணை உறை தைத்தோம். அக்கா பையனின் சட்டைக்குப் பித்தான் பட்டி வைத்தோம். பிறகுதான் அக்கா, “ரவிக்கை தெப்போம்,” என்றார்.

ரவிக்கை தைப்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. நமக்குப் பிடிக்கிற பழைய ரவிக்கை ஒன்றைத் துணியோடு சேர்த்துத் தையல்காரரிடம் கொடுப்போம். அதற்கு அளவு ரவிக்கை என்று பேர். அக்கா தன் அளவு ரவிக்கையைக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் கத்தரிப்பூ நிறமாக இருந்திருக்கும். பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து, துண்டு துண்டாகத் தரையில் பரப்பி, புதுத்துணியை அடியில் வைத்து, கரைந்துபோன சோப்புத் துண்டால் கோடு போட்டு வெட்டினோம்.

முதல் ரவிக்கையில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டோம். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு அதைத் திருப்பி ஒன்று என்று வெட்ட வேண்டும் என்பது எங்கள் மூளையில் ஏறவில்லை. பிரித்து வெட்டத் துணி மிச்சமில்லை. நானாக இருந்தால் அதைச் சுருட்டிப் பெட்டியின் அடியில் போட்டிருப்பேன். அக்கா மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு தெருக் குழாய்க்கு வந்தார். இடது கை பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது.

“இன்னாக்கா, ஒரு கை அம்பத்தூருக்கும் ஒரு கை ஆவடிக்கும் போவுது,” என்றாள் கோடி வீட்டுக்காரி.

“ரெண்டுத்தயும் ஒரே பஸ்ஸுல ஏத்துறது எப்டின்னு தெரிஞ்சா சொல்லு,” என்றார் அக்கா.

“நல்லத போட்டுகினு இத்த மறச்சி வெக்கக் கூடாதா?”

“மறச்சி வெச்சா அதுவா சரியாயிடுமா? போட்டுகினு நடந்தாதான் எங்க புடிக்குதுன்னு தெரியும்.”

அதையே போட்டுக்கொண்டுதான் ஆடி வெள்ளிக்கு வேற்காட்டு அம்மனைப் பார்க்க என்னோடு நடந்து வந்தார். நல்ல கூட்டம். கற்பூரம் காட்டும்போது எல்லோரும் தலைக்கு மேலே கைகூப்பினோம். அக்காவின் வலது கை மேலே போயிற்று. இடது கை காது வரைக்கும்தான் ஏறிற்று. துணி அதற்கு மேல் விடவில்லை. அவர் வெட்கப்படவில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரியே அம்மனிடம் சொன்னார்.

“தாயே, இந்த வாட்டி இவ்ளோதான் ஏறுது. அடுத்த வாட்டி ஒழுங்கா தச்சிகினு வந்து முழுசா கும்புடுறேன்.”

பூசாரி சிரித்துவிட்டு அவர் கையில் குங்குமத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே கொட்டினார். நான் எத்தனையோ கோயிலில் எத்தனையோ வேண்டுதல் வைத்திருக்கிறேன். இப்படிக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி நான் ஒரு நாளும் பேசியதில்லை.

இரண்டாவது ரவிக்கையில் கை சரியாக வந்தது. உள்தையலுக்குத் துணி விட்டு வெட்டினோம். கழுத்து வட்டம் வட்டமாகவே இருந்தது. அக்கா போட்டுக்கொண்டு வந்து நடுவீட்டில் நின்றார். தோள் நழுவிற்று. வழக்கம்போல இடது தோளைத் தூக்கிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

“அக்கா, உங்க பழைய ரவிக்கையும் நழுவுமா?”

“எல்லாமே நழுவும். ரவிக்கைன்னா அப்டித்தானே.”

“என்னுது நழுவாதுக்கா.”

அவர் என்னைப் பார்த்தார். என் தோளைப் பார்த்தார்.

“அந்த அளவு ரவிக்கை எப்போ தைச்சது?”

“அது எனக்கு தச்சதில்ல பாப்பா. பண்ண ஊட்டம்மாவோட பழசு. எங்கம்மாவுக்கு குடுத்தாங்க, எங்கம்மா எனக்கு குடுத்துச்சி. அத்த வெச்சித்தான் அப்பலேந்து எல்லாத்தயும் தச்சிகினு கீறேன்.”

“டைலர் உங்கள அளந்ததே இல்லையா?”

“எங்க தெருக்காரங்கள அவன் எங்க அளப்பான். கடைக்கு வெளிய ஒரு கல்லு கீது. அது மேல துணியும் அளவு ரவிக்கையும் வெச்சிட்டு வந்துடணும். தச்சி அதே கல்லு மேல வெப்பான்.”

மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை நாள் நாங்கள் பார்த்துப் பார்த்து வெட்டியதெல்லாம் எதிரில் நின்ற அக்காவுக்காக இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பருத்த அம்மாளுக்காக.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டுத்தயும் அவங்களுக்கே குடுத்தனுப்பியிருக்கலாமே பாப்பா.”

நான் மெஷினோடு வந்த டேப்பை எடுத்துவந்து அவரை நிற்க வைத்தேன். அவருக்கு முப்பதைத் தாண்டிய வயது. மூன்று பிள்ளை பெற்றவர். அந்த உடம்பை ஒருவர் அளப்பது அதுதான் முதல் தடவை. கூச்சத்தில் நெளிந்தார். பிறகு அசையாமல் நின்றுவிட்டார். நான் நம்பரைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“அந்த நம்பரெல்லாம் உன்கிட்ட இருக்கட்டும். எனக்கு படிக்கத் தெரியாது. இதுல போட்டுக் குடு,” என்று மளிகைப் பொட்டலம் கட்டி வந்த நூல் கயிற்றை நீட்டினார்.

அதில் முடிச்சுப் போட்டோம். பிடரியிலிருந்து தோள்முனை வரைக்கும் ஒரு முடிச்சு. மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, கை நீளத்துக்கு ஒன்று. எது எதற்கு என்று அவருக்கு மனப்பாடம். போட்டு முடித்ததும் கயிற்றை இரு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தார்.

“இவ்ளோதானா நானு,” என்றார்.

ஒவ்வொரு உயிருக்கும் ஆண்டவன் ஒரு அளவு வைத்துத்தான் அனுப்புகிறான் என்று கதாகாலட்சேபத்தில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன் என்று தோன்றியது.

அந்தக் கயிற்றை வைத்துத் தைத்த ரவிக்கை நழுவவில்லை. ஆனாலும் அக்காவின் தோள் சில நாள் தூக்கியபடியே இருந்தது. துணி நின்றுவிட்டது, தோள்தான் நம்பவில்லை. பிறகு ஒரு காலையில் குழாயடியில் பார்க்கிறேன், இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. நான் எதுவும் சொல்லவில்லை. திருஷ்டி பட்டுவிடுமே என்று பயம்.

தை மாதத்தில் அக்காவின் தங்கைக்குக் கல்யாணம் என்று முடிவாயிற்று. அவர் அம்மா ஊரிலிருந்து ஒரு மூட்டையோடு வந்தார். பண்ணை வீட்டு அம்மாள் மணப்பெண்ணுக்கென்று கொடுத்தது. பிரித்தால் அரக்கு நிறத்தில் ஒரு பழைய பட்டு ரவிக்கை.

அக்கா அதை விரித்துப் பார்த்தார். “இதுக்குள்ள தங்கச்சி மாதிரி ரெண்டு பேரு பூந்துக்கலாம்.”

“பின்னு குத்திக்கலாம்,” என்றார் அம்மா.

“மணவறையில தோளப் புடிச்சிகினு ஒக்காரணுமா அவ? மாப்புள ஊட்டுல எடுத்த பொடவையோட ரவிக்கைத் துண்டு ஒண்ணு வந்திருக்குதே. நான் தச்சித் தரேன்.”

“நீ இப்பதான் கத்துகினு கீற. பாழாக்கிட்டா? வேற துண்டு ஏது?”

“பாழாயிட்டா இத்தயே போட்டுக்கட்டும்.”

அம்மா குரலைத் தாழ்த்தினார். “அவங்க ஆசையா குடுத்தது. போடலன்னா இன்னா நெனப்பாங்க? நீ கெளம்பி இங்க வந்துட்ட. நாங்க அங்கதானே நாத்து நடணும்.”

அக்கா அந்தப் பட்டு ரவிக்கையை மடித்து மூட்டைக்குள்ளேயே வைத்தார். எனக்கு அந்த அம்மாவின் பயம் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். அவளுக்கென்று புதுக் கயிறு எடுத்து முடிச்சுப் போட்டார் அக்கா. முதலில் என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் ஒரு ரவிக்கை வெட்டித் தைத்து அவளுக்குப் போட்டுப் பார்த்தோம். அக்குள் பிடித்தது. பிரித்தோம். மறுபடி வெட்டினோம். என் வீட்டுக்காரர், “எனக்குக் கட்டிக்க ஒண்ணாவது வுட்டு வையுங்க,” என்று வேட்டி இருந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிஜத் துண்டை வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு விரித்தோம். அக்கா கத்தரியை என் பக்கம் நீட்டினார்.

“நீ வெட்டு பாப்பா.”

“என் கை உங்க கைய விட நடுங்குது.”

“அப்ப ரெண்டுல எது கம்மியா நடுங்குதோ அதுவே வெட்டட்டும்,” என்று சொல்லி, கண்ணை மூடி அம்மனை நினைத்துக்கொண்டு, கத்தரியை வைத்தார்.

ரவிக்கை நன்றாகவே வந்தது. கொக்கிப் பட்டி மட்டும் இடம் மாறிவிட்டது. பிரித்தால் துணியில் ஊசி ஓட்டை தெரியும் என்று அப்படியே விட்டுவிட்டார்.

கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். பந்தலில் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் சும்மா மடியில் கிடந்தன. நடுவில் பண்ணை வீட்டு அம்மாள் வந்தார். பந்தலுக்கு ஓரமாக நாற்காலி போட்டார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டு அட்சதை போட்டார். போட்டுவிட்டுப் பெண்ணின் ரவிக்கையைப் பார்த்தார்.

“இது எங்க தைச்சது?”

அக்காவின் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமே என்று மனசுக்குள் தேடினேன்.

அக்கா முன்னால் வந்தார். “நான்தாம்மா தச்சேன். நீங்க குடுத்தது அவளுக்கு பெருசா இருந்துச்சி. இதுலயும் கொக்கிய மாத்தி வெச்சிட்டேன்.”

அந்த அம்மாள் “ம்” என்றார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார். அன்று முழுவதும் அக்காவின் அம்மா பந்தியில் பரிமாறிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாசி பிறந்த பிறகு ஒரு நாள் அக்காவின் அம்மா மண்ணூர்பேட்டைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு புதுத்துணி, அதோடு மடித்த ரவிக்கை ஒன்று.

“கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு ஒண்ணு தெக்கணுமாம், உன்கிட்ட குடுத்தனுப்பினாங்க. அளவு ரவிக்கையும் வெச்சிருக்காங்க.”

அக்கா துணியைத் தடவிப் பார்த்தார். நல்ல துணி. பிறகு இரண்டையும் மடித்து அம்மா மடியிலேயே வைத்தார்.

“அளவு ரவிக்கைய வெச்சி எனக்கு தெக்க வராதும்மா. ஆள அளந்து கயித்துல முடிச்சு போட்டாத்தான் வரும். வந்து அளந்துக்கட்டுமான்னு கேளு.”

அம்மா துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “அவங்கள தொட்டு அளக்கணும்னு என்ன போயி கேக்க சொல்றியா?”

“தொடாம எப்டிம்மா அளக்கறது?”

“வயித்துல அடிச்சிடாதடி.”

“வராததை வரும்னு சொல்லி அவங்க துணிய பாழாக்கவா?”

அம்மா போன பிறகு நான் கேட்டேன். “நெசமாவே வராதாக்கா?”

“நீயும் கூட இருந்துதானே ரெண்டு தச்சோம். வந்துச்சா?” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உண்மையாகவே வராது என்றுதான் சொன்னாரா, இல்லை இதற்காகவே காத்திருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை என்பது மட்டும் தெரியும்.

பங்குனி நடவுக்கு அந்தக் குடும்பத்தைக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்பதுதான் எங்கள் இருவருக்கும் அப்புறம் நினைப்பு. நான் சாயங்காலம் விளக்கேற்றும்போதெல்லாம் அந்த அம்மாவுக்காக ஒரு வார்த்தை சேர்த்து வேண்டிக்கொண்டேன். அக்கா மெஷினில் உட்காரவே இல்லை. பட்டறை விட்டு வந்து, எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார் அம்மா. பண்ணை வீட்டில் வரச் சொன்னார்களாம்.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அக்காவின் கடைக்குட்டியை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு, திருநின்றவூரில் ரயில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்தோம். வழியெல்லாம் அக்கா இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். புது நூல் கயிறு ஒன்றை இடுப்பில் செருகியிருந்தார்.

கால் பழக்கம் அவரைப் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்துக்குத்தான் கொண்டுபோயிற்று. அங்கே மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றோம். சின்ன வயதிலிருந்து அவர்கள் நிற்கிற இடம் அதுதானாம். அக்காவின் அம்மா வைக்கோல் போருக்கு அருகில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணை வீட்டு அம்மாள் பின்வாசலுக்கு வந்தார். அக்காவின் இடுப்பில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

“டேப்பு இல்லையா?” என்றார்.

“எனக்கு நம்பரு தெரியாதும்மா. கயித்துலதான் முடிச்சு போடுவேன்.”

“எல்லாருக்கும் இப்படித்தான் அளப்பியா?”

“ஆமாம்மா. எனக்கும் இப்டித்தான். தங்கச்சிக்கும் இப்டித்தான்.”

அந்த அம்மாள் கொட்டகைப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வெயில்ல நின்னு என்னத்த அளப்ப. உள்ள வா.”

அக்கா கிணற்றடியில் காலைக் கழுவினார். கழுவிய காலையே மறுபடியும் கழுவினார். பிறகு படியேறி உள்ளே போனார். நான் குழந்தையோடு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே அந்த அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கையையும் கொஞ்சம் விரித்துக்கொடுத்தார். முதுகு பலகை மாதிரி விறைத்திருந்தது. அக்கா கயிற்றின் நுனியை அவர் பிடரியில் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்தார். அப்படியே இருவரும் நின்றார்கள்.

“மூச்ச புடிச்சிகினு நிக்கிறீங்களே,” என்றார் அக்கா மெதுவாக. “அளவு தப்பாயிடும். வுடுங்கம்மா.”

அந்த அம்மாள் மூச்சை விட்டார். அக்கா முதல் முடிச்சைப் போட்டார்.